கயிற்றின் எடை

கயிற்றைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நான் உருப்படியாகச் செய்ததில்லை. நான் சமைத்தால் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பேசினால் சண்டையில் முடியும். ஆனால் மூவாயிரம் மீட்டர் ஆழமுள்ள சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்ற ஓர் இரும்புக் கயிறு வேண்டும் என்றால், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

ஆழம் கூடினால் கயிற்றைத் தடியாக்க வேண்டியதுதானே என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தடியாக்கினால் கயிறே கனக்கும். அவ்வளவு ஆழத்தில் தொங்கவிட்டால் கூண்டையும் அதில் நிற்கிற ஆட்களையும் விடக் கயிறுதான் பெரிய பாரம். தன்னையே தூக்கிக்கொள்ள முடியாத கயிறு ஆளை எங்கே தூக்கும்? இந்தக் கேள்வியோடு ஏழு வருடம் மாரடித்தோம். மூன்று கயிறுகள் சோதனையிலேயே செத்தன. நான்காவது பிழைத்தது. கம்பிகளை முறுக்கிய ஆறு புரிகள், நடுவில் ஓர் உள்கயிறு, என் மணிக்கட்டுத் தடிமன், மொத்த எடை முப்பத்து மூன்று டன். அதைக் குழியில் மாட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் குழியின் அடியில்தான் என் தம்பிக்கு வேலை. மணிக்காரன். ஆட்களைக் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தி, மணி அடித்து, மேலே கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்சு இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குத் தெரிவிப்பவன். "இந்த வீட்டுல அக்கா செஞ்ச கயித்துல தெனமும் தொங்குறவன் நான் ஒருத்தன்தான். கொஞ்சம் மரியாதை குடுங்க" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவான். நான் சொல்லி அவன் எதையும் கேட்டதில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொண்டு போ என்பேன். எடுத்துக்கொண்டு போவான், யாருக்காவது கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவான். கேட்டால், "அவங்களுக்கு வீடு தூரம்க்கா" என்பான். முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, இன்னும் அதே பதில்தான்.

மாதத்துக்கு ஒருமுறை, கூண்டோடு சேரும் கீழ்முனையில் இரண்டு மீட்டர் கயிற்றை வெட்டி எங்கள் கூடத்துக்கு அனுப்புவார்கள். அதை இயந்திரத்தில் மாட்டி அறும்வரை இழுத்துப் பார்ப்போம். விதிமுறை அப்படி. இதுவரை வந்த ஆறு துண்டுகளும் பிரமாதமாகத் தாங்கின. ஐந்தாவதும் ஆறாவதும் புதுக் கயிற்றைவிடக் கொஞ்சம் கூடவே தாங்கின. மற்ற நால்வரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் மட்டும் கையை நீட்டவில்லை. உழைத்துத் தேய்ந்த கயிறு புதிதைவிட நன்றாக இருக்கிறது என்றால், ஒன்று அது அதிசயம், இல்லாவிட்டால் நாங்கள் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதிசயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மேல்பகுதியைப் பார்த்துவிடலாம் என்று அன்று காலை கிளம்பிப் போனேன். கூண்டு அடியில் நிற்கும்போதுதான் கயிற்றின் மேல்பகுதி, விஞ்சில் கயிறு சுற்றும் உருளையான டிரம்மிலிருந்து வெளியே வந்து, குழிக்கு மேல் நிற்கும் கோபுரத்து உச்சியிலிருக்கும் கப்பியில் ஏறித் தொங்கும். மற்ற நேரமெல்லாம் அது டிரம்மில் சுருண்டு கிடக்கும், கைக்கு எட்டாது. அதனால் காலை ஷிப்டு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூண்டை அடியிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னேன். கீழே என் தம்பியையும் சேர்த்து முப்பத்தாறு பேர்.

கோபுரத்தில் என்னோடு ஏறியவர் கயிற்று மேஸ்திரி. நாற்பது வருடமாகப் பல சுரங்கங்களில் கயிறு மாட்டி, வெட்டி, எண்ணெய் போட்டுப் பராமரித்தவர். கயிற்றைத் தொடும் முன்னால் கையைத் துடைத்துக்கொள்கிற மனிதர். அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் நீளமான தாளை அதன்மேல் சுற்றிக் கரித்துண்டால் தேய்த்தேன். புரிகளின் தடம் தாளில் கறுப்பாக விழுந்தது. ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்று சுற்றி வர எவ்வளவு நீளம் எடுத்துக்கொள்கிறது என்று அந்தத் தடத்தில் அளந்துவிடலாம். முறுக்கு இறுக்கமாக இருந்தால் அந்த நீளம் குறைவாக இருக்கும், தளர்ந்தால் கூடும்.

அளந்தேன். தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தாள் எடுத்தேன்.

"எவ்வளவும்மா?" என்றார் மேஸ்திரி.

"நாப்பத்தேழு."

"ஜாஸ்தியா?"

"புதுசுல முப்பத்தாறு சென்டிமீட்டர். இந்த ஆழத்துக்கு நாப்பது வரைக்கும் போகும்னு கணக்குப் போட்டோம். நாப்பத்தேழுன்னு ஒரு நம்பரே எங்க கணக்குல இல்ல."

பெரிய ஆணி ஒன்றை இரண்டு புரிகளுக்கு நடுவில் நெட்டினேன். சுத்தியலால் அடித்தாலும் இறங்கக் கூடாத ஆணி, கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே போனது. இடைவெளி வழியாக டார்ச் அடித்தேன். உள்கயிற்றிலிருந்து செங்கல் தூள் மாதிரிச் சிவப்பாகக் கொட்டியது. கம்பியோடு கம்பி உரசி வந்த தூள். அதற்குள் அறுந்த கம்பிகளின் முனைகள் தெரிந்தன. எண்ண ஆரம்பித்துப் பதினேழில் நிறுத்திவிட்டேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது.

முறுக்கு தானாக எங்கேயும் ஓடிப்போகாது. யாரோ அவிழ்த்துவிட்டால்தான் போகும்.

"மேஸ்திரி, மாசாமாசம் கீழ்முனைய வெட்டுறீங்கள்ல, வெட்டினதும் என்ன செய்வீங்க?"

"என்னம்மா செய்வோம், கூண்டுல திரும்ப மாட்டுவோம்."

"வெட்டுறதுக்கும் மாட்டுறதுக்கும் நடுவுல?"

"மூச்சு விடவைப்போம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "முனைய கொஞ்ச நேரம் சும்மா விட்டா அதுவா சுத்தும்மா. அம்பது சுத்து, அறுபது சுத்து. அடைச்சு வெச்ச முறுக்கெல்லாம் வெளிய போயிடும். அப்புறம் மாட்டினா கயிறு சாதுவா இருக்கும். நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து இப்படித்தான். நான் பாத்த கயிறு ஒண்ணுகூட அறுந்ததில்ல."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் வேலை பார்த்ததெல்லாம் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் குழிகள். அங்கே அது கயிற்றுக்கு நல்லதுதான். இங்கே கயிற்றின் எடையே மேல்பகுதியின் முறுக்கைக் கீழே தள்ளிவிடுகிறது, அதனால் கீழே விட்ட ஒவ்வொரு சுற்றும் மேலேயிருந்து போயிருக்கிறது. முப்பத்து மூன்று டன்னும் தொங்குகிற இடம் மேல்பகுதி, முறுக்கு மிச்சமில்லாமல் போனதும் அதே இடம்தான். புரிகள் தளர்ந்ததும் பாரம் முழுக்க உள்கயிற்றின் தலையில் விழுந்துவிட்டது. ஆறு மாதம், ஆறு வெட்டு, முந்நூறு சுற்றுக்கு மேல். கீழ்முனை மட்டும் நோகாமல் இருந்தது. அதைத்தான் வெட்டி வெட்டி எங்களுக்கு அனுப்பினார்கள், நாங்களும் கைகுலுக்கிக்கொண்டிருந்தோம்.

என் கைப்பட எழுதிய பராமரிப்புக் குறிப்பு தொண்ணூறு பக்கம். எண்ணெய் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறேன். முனையைச் சுற்ற விடாதீர்கள் என்று ஒரு வரி அதில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை, அதனால் யாரும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மேஸ்திரி செய்யாமல் இருந்ததே இல்லை, அதனால் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என் கையாலயாம்மா?" என்றார்.

ஏணியில் இறங்கி, தரைமட்டத்தில் கயிறு குழிக்குள் நுழைகிற இடத்தில் இன்னொரு தாள் சுற்றித் தேய்த்தேன். நாற்பத்தொன்று. இது பரவாயில்லை. டிரம்மிலிருந்து தரை வரைக்கும் ஒரு நூறு மீட்டர், அதுதான் கெட்டுப்போன பகுதி. தரைமட்டத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டு மேலாளரின் அறைக்கு ஓடினேன்.

மேலாளர் பொல்லாதவர் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்துவிட்டது. கயிற்றை மாற்ற நான்கு நாள். இன்னொரு வழியாக மேலே வரலாம் என்றால், பக்கத்துக் குழியில் சுவர் பூசும் வேலை நடக்கிறது. குழி நெடுக மேடை கட்டியிருக்கிறார்கள், பிரித்து எடுக்க நாற்பது மணி நேரம். குளிர்காற்று இறங்குவதும் அந்தக் குழி வழியாகத்தான், அதனால் இப்போது பாதிக் காற்றுதான் போகிறது. கீழே பாறையின் சூடு அறுபது டிகிரி. நிற்கிற இடத்தில் முப்பத்தெட்டு. ஆறு மணி நேரத்துக்கு மேல் யாரையும் கீழே வைக்கக் கூடாது என்று சுரங்க டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். முப்பத்தாறு பேரை நாற்பது மணி நேரம் அங்கே உட்கார வைத்தால் எத்தனை பேர் நடந்து வருவார்கள் என்று அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

"அப்போ தூக்கித்தான் ஆகணும்" என்றார் மேலாளர். "பாரத்தக் குறைச்சுக்கலாம் மேடம். நாலு நாலு பேரா, மெதுவா. ஒம்பது தடவ."

நான்கு பேரை ஏற்றினால் பாரம் குறையும், கயிறு பிழைக்கும். கேட்கும் எவருக்கும் அதுதான் தோன்றும்.

"இல்ல. எல்லாரையும் ஒரே தடவையில."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், கயிறு முப்பத்தி மூணு டன். வெறும் கூண்டு எட்டு டன். முப்பத்தாறு பேரும் சேந்து மூணு டன் தேறாது. நாலு பேர ஏத்தினா நாப்பத்தி ஒண்ணு, அத்தன பேரையும் ஏத்தினா நாப்பத்தி நாலு. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ஒம்பது தடவன்னா, ஒம்பது ஏத்தம், எட்டு எறக்கம். அந்தக் கெட்ட பகுதி பதினேழு தடவ கப்பியில வளையணும். ரெண்டாவது தடவைக்கே நான் கேரண்டி குடுக்க மாட்டேன்."

"முதல் தடவைக்கு?"

"முதல் தடவைக்கும் தெரியாது" என்றேன். உண்மை அதுதான். "ஆனா கூண்டு இப்போ அடியில நிக்குது. தூக்க ஆரம்பிச்ச ஆறு நிமிஷத்துல அந்தக் கெட்ட நூறு மீட்டர் டிரம்முல போய்ப் படுத்துடும். டிரம்முல ரெண்டு மூணு சுத்து ஏறிட்டாப் போதும், அப்புறம் பாரம் தாங்குறது நல்ல கயிறு. அந்த ஆறு நிமிஷம்தான். அத ஒரே ஒரு தடவ தாண்டினாப் போதும்."

"அறுந்தா முப்பத்தாறு பேரும் ஒண்ணா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"என் தம்பி கீழ இருக்கான் சார். அத நெனச்சுத்தான் சொல்றேன்."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக என்றைக்கும் விழுந்ததில்லை.

விஞ்சு அறையிலிருந்து அடித்தளத்துக்கு நேர் போன் இருக்கிறது. தம்பிதான் எடுத்தான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாரையும் ஒண்ணா ஏத்தினா பாரம் ஜாஸ்தியாகாதாக்கா?"

"ஆகாது. ஆளுங்க எடையெல்லாம் அந்தக் கயித்துக்கு ஒரு பொருட்டே இல்ல."

"நம்ம தச்சரக்கூடவா? அவரு ஒருத்தரே ரெண்டு ஆளு."

"டேய், வெளையாடாத. எல்லாரும் ஏறணும். கருவி, பெட்டி, எதுவும் வேணாம். ஆளுங்க மட்டும். கடைசியா நீ ஏறி உள்ளேர்ந்து மணி அடி. புரியுதா?"

"சரிக்கா."

அவன் உடனே சரி என்றது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதற்கும் மறுபேச்சு இல்லாமல் அவன் சரி சொன்னது கிடையாது. நான் இருந்த நிலைமையில், அப்பாடா இந்த ஒரு தடவையாவது கேட்கிறானே என்று போனை வைத்தேன்.

விஞ்சு ஓட்டுகிறவர் ஒல்லியான மனிதர், வாயில் வார்த்தை விழாது. அவரிடம், வெள்ளைப் பெயிண்ட் டிரம்மில் ஏறும்வரை வேகத்தை நொடிக்குக் கால் மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம், என்ன சத்தம் கேட்டாலும் நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் வருகிற உலுக்கலே கயிற்றை முடித்துவிடும் என்று சொன்னேன். தலையாட்டினார். "என் மச்சானும் கீழதாம்மா இருக்கான்" என்றார்.

மணி அடித்தது. மூன்று, ஆட்கள் ஏறிவிட்டார்கள். அப்புறம் ஒன்று, தூக்கு.

அவர் கைப்பிடியை நகர்த்தியது கண்ணுக்கே தெரியவில்லை. டிரம் மெல்லத் திரும்பியது. சுவரிலிருந்த நீண்ட துளை வழியாகக் கயிறு உள்ளே வர ஆரம்பித்தது. பாரத்தைக் காட்டும் முள் நாற்பத்து நான்குக்குக் கொஞ்சம் கீழே நடுங்கிக்கொண்டு நின்றது. நான் கயிற்றை மட்டும் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஆயிரம் கயிறுகளை இயந்திரத்தில் மாட்டி வேண்டுமென்றே அறுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். முதலில் உள்ளே ஒரு முனகல், பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாக, பிறகு ஒரு புரி, பிறகு எல்லாம் ஒன்றாக. அந்தச் சத்தங்களைத் தெரிந்து வைத்திருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வருந்தினேன்.

ஒரு நிமிடம் போயிற்று. முனகல் கேட்டது.

இரண்டாவது நிமிடத்தில் கம்பிகள். டிக், டிக் என்று நடுவில் இடைவெளி விட்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். வெளியே குழிவாயின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி நின்றார். அவர் உதடு அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவரும் எண்ணினாரோ, வேண்டிக்கொண்டாரோ, கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது நிமிடம் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். டிரம் அதிர்ந்து மேலே உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. ஒரு புரி போய்விட்டது. ஆறில் ஒன்று. மேலாளர் பின்னாலிருந்து "நிறுத்துங்க" என்று கத்தினார். விஞ்சுக்காரரின் கை அசையவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. ஐந்து புரிகளில் நாற்பத்து மூன்று டன் தொங்கியது. அதில் என் தம்பி தொங்கினான். அவன் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

வெள்ளைப் பெயிண்ட் கப்பியைத் தாண்டிச் சரிந்து வந்தது. துளைக்குள் நுழைந்தது. டிரம்மில் ஏறியது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விஞ்சுக்காரர் வேகத்தைக் கூட்டியும், கூண்டு மேலே வர அதற்கப்புறம் அரை மணி நேரம் ஆனது. கதவு திறந்ததும் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். விஞ்சுக்காரரின் மச்சான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். முப்பத்தைந்து. ஒருவரை விட்டுவிட்டேன் என்று நினைத்துக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

கடைசியாக வந்த தச்சர் என்னைப் பார்க்காமல் ஒதுங்கப் பார்த்தார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்க அவன்?"

"எல்லாரையும் ஏத்திக் கதவ வெளியிலேர்ந்து சாத்திட்டாரும்மா" என்றார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "நீ ஏறலியான்னு கேட்டேன். எம்பது கிலோ கொறையட்டும்ணே, கயிறு பாவம்னு சொல்லிட்டு மணிய அடிச்சிட்டாரு."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அவன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னேன். கேட்டானா?

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரே ஒரு ஆள்தான் மேடம். வெறும் கூண்ட மெதுவா எறக்கி ஏத்திடலாமா? நீங்க சரின்னா நானும் கையெழுத்துப் போடறேன்."

டிரம்மில் ஏறிப் பார்த்தேன். அறுந்த புரி விரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துப் புரியில் பாதிக்கு மேல் கம்பிகள் போயிருந்தன. ஆணியைக்கூட எடுக்கத் தேவையில்லை. கூண்டை அடிவரைக்கும் இறக்கினால் இந்த நூறு மீட்டரும் திரும்ப வெளியே வந்து நாற்பத்தொரு டன்னைத் தாங்க வேண்டும். போகும் வழியிலேயே அறும். அறுந்தால் கூண்டும் கயிறும் அவன் தலையில்தான் போய் விழும்.

மேலாளர் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையெழுத்து. போட்டால் இப்போதே ஏதாவது செய்ததாக இருக்கும். கை பரபரத்தது, சத்தியமாகச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை வாங்கினேன். தாங்கினாலும் தாங்கும், யார் கண்டது என்று என் மனமே என்னிடம் பேரம் பேசியது. அதே கேள்வியோடு வேறு யாராவது வந்திருந்தால் நான் காறித் துப்பியிருப்பேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மேடையப் பிரிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"நாப்பது மணி நேரம் ஆகும்."

"தெரியும்."

பிரிப்பதற்கு முதல் ஆளாக ஓடியவர் மேஸ்திரி. ஏறிவந்த முப்பத்தைந்து பேரில் இருபது பேர் உடை மாற்றாமல் அவர் பின்னாலேயே போனார்கள். டாக்டர் என்னிடம் வந்து, கீழே இயந்திரத்துக்கான தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பை நனைத்துக்கொண்டே இருந்தால் ஒரு திடமான ஆள் தாக்குப்பிடிக்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தச் சூட்டில் முதலில் வருவது தூக்கம், நனைத்துக்கொள்ளாமல் தூங்கிவிட்டால் எழுந்திருக்க மாட்டான் என்றார்.

போனை எடுத்தேன். பன்னிரண்டு முறை அடித்த பிறகு எடுத்தான்.

"அக்கா. எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"ஒருத்தர் விடாம?"

"ஒருத்தர் விடாம."

"அப்பாடா" என்றான். நீளமாக மூச்சு விட்டான். "மேல என்னமோ வெடிச்ச மாதிரி கேட்டுச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். தாங்கிடுச்சு பாத்தியா."

"என்ன பண்ணிட்டிருக்க இப்போ?"

"சும்மா சாஞ்சு உக்காந்திருக்கேன். நல்லாத்தான் இருக்குக்கா. கொஞ்சம் கண்ணு சொக்குது. ஒரு பத்து நிமிஷம் படுத்துட்டுப் பேசட்டுமா?"

அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவனின் நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுதால்கூடத் தேவலை, புலம்பினால்கூடத் தேவலை. இப்படித் திருப்தியாக இருக்கிறவன் எதற்காகக் கண்ணை விழித்துக்கொண்டிருப்பான்?

"பாப்பாகிட்ட சொல்லுக்கா" என்றான். "அப்பா ஏறாததாலதான் கயிறு தாங்குச்சுன்னு. எம்பது கிலோ கொறஞ்சதாலதானே தாங்குச்சு?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். மேலாளர், டாக்டர், தச்சர். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல், அவனுக்கு அதையாவது கொடு என்று அவர்கள் முகமே கெஞ்சியது.

"இல்ல" என்றேன்.

"என்ன இல்ல?"

"உன் எம்பது கிலோவால ஒரு மண்ணும் ஆகல. கயிறு மீட்டருக்குப் பதினோரு கிலோ. ஏழு மீட்டர் சுத்தினா அந்த எடை தானா கொறஞ்சுடும். அர நிமிஷம்டா. நீ மிச்சம் பண்ணிக் குடுத்தது அர நிமிஷம்."

தச்சர் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்போ நான் ஏறியிருக்கலாமா?" என்றான் தம்பி.

"ஏறியிருக்கலாம். ஏறியிருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்ப. நான் தெளிவாச் சொன்னேன். நீ கேக்கல."

"இத இப்ப சொல்லணுமாக்கா?" அவன் குரல் உடைந்தது. உடைந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "மனுஷன் இங்க வெந்துட்டு உக்காந்திருக்கேன். ஊர்ல எல்லாரும் பொய் சொல்வாங்க, உனக்கு மட்டும் ஒரு பொய் வாயில வராதா? பெரிய கணக்கு. உன் கயிறுதானே அறுந்துச்சு? நீ போட்ட கையெழுத்துதானே? நான் செஞ்சது முட்டாள்தனம்னா நீ செஞ்சது என்ன?"

"அதவிடப் பெரிய முட்டாள்தனம். இன்னும் கத்து. எழுந்து நின்னுட்டியா?"

"நின்னுட்டேன். எதுக்குக் கேக்குற?"

"அந்தக் குழாயத் தெறந்து தலையில ஊத்திக்கோ. ஊத்திட்டு வந்து மிச்சத்தத் திட்டு."

போனைக் கீழே எறிந்தான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது, கூடவே அவன் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். அம்மா காதில் விழுந்தால் அறைந்திருப்பாள், அப்படிப்பட்ட வார்த்தைகள். திரும்பி வந்து போனை எடுத்தான்.

"ஊத்திட்டேன். நான் மேல வரட்டும், உனக்கு இருக்கு."

"வா" என்றேன். அழுவது குரலில் தெரியாமல் இருக்க வாயை முந்தானையால் பொத்தி எடுத்தேன். "வந்து என்ன வேணா பண்ணு. சொல்லு, வேற என்ன கோவம் உனக்கு என்மேல? சின்ன வயசுலேர்ந்து ஆரம்பி."

அவன் ஆரம்பித்தான். டாக்டர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் அவனைக் கோபத்திலேயே வைத்திருக்க வேண்டும்.